பிசியில் விளையாட வயர்லெஸ் கன்ட்ரோலர்: தேர்ந்தெடுப்பது, இணைப்பது, சோதிப்பது

பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு கன்ட்ரோலர்கள். ஒன்றை இணைத்ததும் எல்லா கேமும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. இன்னொன்றையும் விண்டோஸ் கண்டுகொள்கிறது. ஆனால் கேமுக்குள் போனால் ஒரு பட்டன்கூட வேலை செய்வதில்லை. இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. பிசியோடு எந்த முறையில் பேசுகிறது, எந்த ரேடியோ வழியாகப் பேசுகிறது, ஸ்டிக்குக்குள் என்ன சென்சார் இருக்கிறது என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. கலர் லைட்டும் பெட்டி மேல் அச்சடித்த பெரிய எண்களும் அதற்குப் பிறகு.

முதலில்: என்ன விளையாடுகிறீர்கள்?

கார் ரேஸ் விளையாடுபவருக்கு அனலாக் டிரிகர் கட்டாயம். அதாவது, டிரிகரைப் பாதி அழுத்தினால் பாதி ஆக்ஸிலரேட்டர் கிடைக்க வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலரின் இசட்.எல்., இசட்.ஆர். என்ற டிரிகர்கள் இரண்டும் வெறும் ஆன்-ஆஃப் பட்டன்கள். அதை வைத்து கார் ஓட்டினால் வண்டி ஒன்று நிற்கும், இல்லையென்றால் முழு வேகத்தில் பறக்கும். சண்டை கேம்களுக்கும் பழைய 2டி கேம்களுக்கும் டிபேட் எனும் நான்கு திசைப் பட்டன்தான் உயிர். ஃபுட்பால் கேம், மூன்றாம் நபர் பார்வையில் ஓடும் சாகச கேம் என்றால் எந்த நல்ல கன்ட்ரோலரும் போதும். வாலரண்ட் மட்டுமே விளையாடுகிறீர்கள் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். அதன் பிசி பதிப்பில் கன்ட்ரோலருக்கு இடமே இல்லை.

எக்ஸ்இன்புட் என்ற பொது மொழி

2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அதோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குக் கொண்டுவந்த முறை எக்ஸ்இன்புட். இரண்டு ஸ்டிக், இரண்டு அனலாக் டிரிகர், டிபேட், பட்டன்கள், அதிர்வுக்கு இரண்டு மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது. அதனால் கேம் எழுதுபவருக்கு 'ஏ பட்டன்' என்றால் எந்தக் கம்பெனி கன்ட்ரோலரிலும் அது ஏ பட்டன்தான். இன்றைய பிசி கேம்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பை நம்பித்தான் வருகின்றன.

அதற்கு முந்தைய முறை டைரக்ட்இன்புட். அதில் பட்டனுக்குப் பெயர் கிடையாது, 1, 2, 3 என்று எண்கள் மட்டும். எந்த எண் எந்தப் பட்டன் என்பதைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்திருப்பார்கள். புதிய கேம்கள் இதைப் பார்ப்பதே குறைவு. பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களை நேரடியாக விண்டோஸில் இணைத்தால் அவை இந்தப் பக்கம்தான் போய் நிற்கும். சோனி கன்ட்ரோலருக்கென்றே ஆதரவு எழுதியிருக்கும் சில கேம்களைத் தவிர மற்றவற்றில், நடுவில் மொழிபெயர்க்க ஸ்டீமோ (பிசி கேம்களை வாங்கித் திறக்கும் ஆப்) டி.எஸ்.4 விண்டோஸ் போன்ற மென்பொருளோ தேவை.

ஆகவே வாங்கும் முன் விவரப் பட்டியலில் தேட வேண்டிய முதல் சொல் 'எக்ஸ்இன்புட்'. 'பிசி சப்போர்ட்' என்று பொதுவாகப் போட்டிருந்தால் அதை நம்ப முடியாது. இன்னும் ஒன்று பாருங்கள்: அந்த எக்ஸ்இன்புட் எந்த இணைப்பில் கிடைக்கிறது? டாங்கிளில் (பிசியின் யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறு ரிசீவர்) எக்ஸ்இன்புட்டாகவும் ப்ளூடூத்தில் வேறொன்றாகவும் மாறிக்கொள்ளும் மாடல்கள் உண்டு. 8பிட்டோ அல்டிமேட் 2சி வயர்லெஸ் ஒரு எடுத்துக்காட்டு. அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளும் கேபிளும் விண்டோஸுக்கு, ப்ளூடூத் ஆண்ட்ராய்டுக்கு. 'ப்ளூடூத்தும் இருக்கிறதே, லேப்டாப்பில் டாங்கிள் செருகாமல் விளையாடலாம்' என்று நினைத்து வாங்குபவருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. 8பிட்டோ ப்ரோ 2-வின் பின்பக்கத்தில் எஸ், ஏ, டி, எக்ஸ் என்று நான்கு நிலைகளுள்ள சுவிட்ச் உண்டு. விண்டோஸ் கேம்களுக்கு அது எக்ஸ்-ல் இருக்க வேண்டும். பல கன்ட்ரோலர்களில் இப்படிச் சுவிட்ச் இருக்காது. ஹோம் பட்டனோடு இன்னொரு பட்டனைச் சேர்த்து அழுத்தி மோடு மாற்றுவார்கள். கையேட்டைக் குப்பையில் போடாமல் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்இன்புட்டுக்கும் எல்லைகள் உண்டு. ஒரே நேரத்தில் 4 கன்ட்ரோலர் வரைதான். கைரோவுக்கோ (கன்ட்ரோலரைச் சாய்ப்பதை, திருப்புவதை உணரும் சென்சார்) டச்பேடுக்கோ அதில் இடமே இல்லை. பின்பக்கக் கூடுதல் பட்டன்களை அது தனிப் பட்டன்களாகப் பார்க்காது. ஏற்கெனவே உள்ள பட்டன் ஒன்றின் நகலாகத்தான் அவை வேலை செய்யும். 'கைரோ உண்டு' என்று விற்கும் கன்ட்ரோலரை எக்ஸ்இன்புட் மோடில் போட்டதும் கைரோ காணாமல் போவது இதனால்தான். கைரோவால் குறி பார்த்துச் சுட விரும்புபவர்கள் டூயல்சென்ஸ் (பி.எஸ்.5 கன்ட்ரோலர்), டூயல்ஷாக் 4 (பி.எஸ்.4 கன்ட்ரோலர்), ஸ்விட்ச் ப்ரோ ஆகியவற்றில் ஒன்றை ஸ்டீம் வழியாகப் பயன்படுத்துவதே தொல்லை குறைந்த வழி.

வயர்லெஸ் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகை

முதல் வகை, கன்ட்ரோலரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். கன்ட்ரோலரும் டாங்கிளும் ஒரே கம்பெனி, இரண்டுக்கும் இடையே தனி இணைப்பு. செருகினால் வேலை செய்யும். பிசிக்கு அது கேபிளில் வந்த கன்ட்ரோலர் போலத்தான் தெரியும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். குறை ஒன்றே ஒன்று: டாங்கிள் தொலைந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது, அதை மட்டும் தனியாக வாங்குவது கடினம். டாங்கிளை வைக்க கன்ட்ரோலரிலோ சார்ஜிங் டாக்கிலோ இடம் கொடுத்திருக்கும் மாடல் கிடைத்தால் நல்லது.

இரண்டாவது வகை ப்ளூடூத். லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கிறது, எதையும் செருக வேண்டாம், போனிலும் டேப்லெட்டிலும் அதே கன்ட்ரோலரைப் பயன்படுத்தலாம். ஆனால் இணைப்பின் தரம் உங்கள் பிசியின் ரேடியோவைப் பொறுத்தது. டெஸ்க்டாப்பில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். மதர்போர்டிலேயே வைஃபையும் ப்ளூடூத்தும் இருக்கும். பெட்டியில் வந்த இரண்டு ஆன்டெனாக்கள் அலமாரியில் தூங்கும். லேன் கேபிளில் நெட் வருவதால் யாரும் அவற்றைத் திருகுவதில்லை. ப்ளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான்! அது இல்லாவிட்டால் ஒரு கை தூரம் போனாலே கன்ட்ரோலர் விட்டு விட்டு வேலை செய்யும். புதிதாக எதையும் வாங்கும் முன் கேபினட்டின் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள்.

ப்ளூடூத்தே இல்லாத பிசிக்குத் தனி யு.எஸ்.பி. அடாப்டர் வாங்குவதானால் ப்ளூடூத் 5.0 அல்லது அதற்கு மேல், பெயர் தெரிந்த கம்பெனியுடையதாக எடுங்கள். மிக மலிவாக விற்கும் 4.0 அடாப்டர்களில் போலி சிப் உள்ளவை ஏராளம். அவை ஹெட்செட்டோடு இணையும், கன்ட்ரோலரோடு இணைந்த மாதிரி நடிக்கும், இரண்டு நிமிடத்தில் அறுந்துவிடும்.

மூன்றாவது வகை எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ். மைக்ரோசாஃப்டின் சொந்த முறை, 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. இதற்கு 'எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர்' தனியாக வாங்க வேண்டும். ஒன்றில் 8 கன்ட்ரோலர் வரை இணைக்கலாம். கன்ட்ரோலரின் 3.5 மி.மீ. துளையில் ஹெட்செட் மாட்டிப் பேச வேண்டுமென்றால் ப்ளூடூத்தில் அது நடக்காது, இந்த அடாப்டர் அல்லது கேபிள் வேண்டும். வீட்டில் மூன்று நான்கு பேர் சேர்ந்து விளையாடினாலும் இதுவே மேல். ஒருவர் மட்டும், ஹெட்செட் பிசியிலேயே என்றால் அந்தச் செலவு தேவையில்லை.

பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரிலும் ப்ளூடூத் கிடையாது. பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே மாடல் எண் இருக்கும்: 1537-ம் 1697-ம் ப்ளூடூத் இல்லாதவை, 1708-லும் 1914-லும் உண்டு. மூடியைத் திறக்காமலே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முன்முகத்தோடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் உண்டு. மேலே உள்ள பம்பர் பட்டன்களின் பளபளப்புப் பிளாஸ்டிக்கே அங்கும் இறங்கி வந்திருந்தால் இல்லை. 1914-க்கு இன்னொரு அடையாளம், நடுவில் ஷேர் பட்டனும் மேலே டைப்-சி துளையும்.

1000 ஹெர்ட்ஸ் என்ற மந்திரம்

போலிங் ரேட் என்பது கன்ட்ரோலர் ஒரு நொடியில் எத்தனை முறை தன் நிலையைப் பிசிக்குச் சொல்கிறது என்ற கணக்கு. 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, 250 என்றால் 4, 1000 என்றால் 1. திரையில் 60 எஃப்.பி.எஸ். ஓடினால் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லிசெகண்ட். ஆகவே 125-லிருந்து 250-க்குப் போவது விரைவான கேம்களில் கொஞ்சம் தெரியலாம். 250-லிருந்து 1000-க்குப் போவதைப் பெரும்பாலோர் கை உணராது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் சண்டை கேம் போட்டியாக விளையாடுபவர் வேண்டுமானால் இதைப் பார்க்கட்டும். மற்றவர்கள் டி.வி.யில் இணைத்திருந்தால் முதலில் டி.வி.யின் கேம் மோடை ஆன் செய்யுங்கள். கன்ட்ரோலர் மாற்றிக் கிடைப்பதைவிட அதில் கிடைக்கும் வேகம் பல மடங்கு.

ஸ்டிக்: ஆயுளைத் தீர்மானிக்கும் இடம்

சாதாரண ஸ்டிக்குக்குள் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள். ஒன்று இட-வலத்துக்கு, ஒன்று மேல்-கீழுக்கு. உள்ளே கார்பன் பட்டை, அதன் மேல் உரசிச் செல்லும் சிறு உலோகக் கை. ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது நடப்பது போலத்தான். உரசல் என்றால் தேய்மானம். கார்பன் தேயும், தூள் சேரும், நடுநிலையில் வர வேண்டிய மதிப்பு கொஞ்சம் நகரும். கையை எடுத்த பிறகும் கேமில் ஆள் தானாக நடப்பார். இதுதான் ட்ரிஃப்ட். எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ ஆகியவற்றின் ஸ்டிக்குகள் எல்லாம் இந்த வகையே. விலை உயர்ந்த எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2-ம் விலக்கல்ல. டூயல்சென்ஸ் எட்ஜில் மட்டும் ஸ்டிக் தொகுதியை முழுசாகக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் காந்தம் நகர்கிறது, சென்சார் அதைத் தொடாமலேயே அளக்கிறது. உரசும் பட்டை இல்லாததால் தேய்மானம் பெரும்பங்கு குறைகிறது. இது புது வித்தையொன்றும் இல்லை; சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர் 1998-லேயே இதைத்தான் வைத்திருந்தது. டி.எம்.ஆர். என்பதும் காந்தத்தை வைத்து அளக்கும் முறையே, மின்சாரம் குறைவாக எடுக்கும். வயர்லெஸுக்கு அது ஒரு லாபம்.

ஹால் என்று போட்டிருந்தாலே ஸ்டிக் சாகாது என்று நினைக்க வேண்டாம். நடுநிலைக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளரும், மேலே ரப்பர் தேயும், காந்தத்தின் அளவீடு விலகும். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் மருந்து எளிது: ஹால் கன்ட்ரோலர்களில் பெரும்பாலும் காலிபரேஷன் வசதி இருக்கும், ஒரு நிமிட வேலை. 'ஹால் எஃபெக்ட்' என்ற சொல் டிரிகருக்கு மட்டும் பொருந்துகிறதா, ஸ்டிக்குக்கும் சேர்த்தா என்பதையும் பாருங்கள். டிரிகரில் மட்டும் ஹால் வைத்துவிட்டுப் பெட்டி முழுக்க அதையே எழுதுவது வழக்கமான தந்திரம்.

பொட்டென்ஷியோமீட்டர் ஸ்டிக் கெட்டால் மாற்றலாம். ஒரு ஸ்டிக்குக்கு 14 சால்டர் புள்ளிகள். சால்டரிங் அயர்ன் புதிதாகப் பிடிப்பவர் முதலில் இதில் பழகக் கூடாது. போன் ரிப்பேர் கடைக்காரர் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்.

பேட்டரி

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டு ஏ.ஏ. செல்லில் ஓடுகிறது. பலர் இதைக் கேலி செய்கிறார்கள். ஆனால் ஐந்து வருடம் கழித்தும் புதுசு போல ஓடுவது இதுதான், ஏனென்றால் பேட்டரி செத்தால் கன்ட்ரோலர் சாவதில்லை. 2000 எம்.ஏ.எச். அளவிலான ரீசார்ஜ் செல் நான்கும் ஒரு சார்ஜரும் வாங்கினால் இரண்டு கன்ட்ரோலரில், இரண்டு சார்ஜரில் என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இந்தச் செல்கள் 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5 வோல்ட்; அதனால் பேட்டரி அளவு பாதிக்குக் கீழே காட்டினாலும் பதற வேண்டாம்.

உள்ளேயே லித்தியம் பேட்டரி உள்ளவற்றில் டூயல்ஷாக் 4-க்கு 1000 எம்.ஏ.எச்., டூயல்சென்ஸுக்கு 1560, ஸ்விட்ச் ப்ரோவுக்கு 1300. பேட்டரி எண்ணை மட்டும் வைத்து ஆயுளை அளக்காதீர்கள். டூயல்சென்ஸ் பெரிய பேட்டரியோடு வந்தும் ஸ்விட்ச் ப்ரோவை விட மிகச் சீக்கிரம் சார்ஜ் கேட்கும். அதன் அதிர்வு மோட்டார்களும் லைட்டும் மின்சாரத்தைக் குடிக்கின்றன.

சரி, எதை வாங்குவது?

யோசிக்க நேரமில்லாதவருக்கு: எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர், மாடல் 1914. விண்டோஸில் எந்த மென்பொருளும் வேண்டாம், கன்ட்ரோலரை ஏற்கும் எந்த கேமும் மறுக்காது. ஸ்டிக் பழைய வகை என்பது ஒன்றே குறை.

பணத்துக்கு அதிகப் பயன் தேடுபவருக்கு: டாங்கிளோடு வரும் ஹால் அல்லது டி.எம்.ஆர். ஸ்டிக் கன்ட்ரோலர்கள். 8பிட்டோ அல்டிமேட் வரிசை, கேம்சர் சைக்ளோன் 2 ஆகியவை இந்த வகை. எக்ஸ்பாக்ஸை விடக் குறைந்த விலைக்கு அதைவிட நீடிக்கும் ஸ்டிக் கிடைக்கும். இந்தியாவில் இவற்றை வாங்கும்போது இறக்குமதி செய்து விற்பவர் யார், வாரண்டி யார் பொறுப்பு என்பதை முதலில் பாருங்கள்; பொருள் நல்லதாக இருந்தும் கேட்க ஆளில்லாமல் போவது இங்கேதான்.

ஸ்டீமில்தான் எல்லா விளையாட்டும், கைரோ வேண்டும், அல்லது வீட்டில் ஏற்கெனவே பி.எஸ்.5 இருக்கிறது என்றால் டூயல்சென்ஸ். அதன் விறைக்கும் டிரிகர்கள் எல்லா கேமிலும் வேலை செய்யாது. ஆதரவு எழுதிய கேம்களிலும் பல நேரம் யு.எஸ்.பி. கேபிள் செருகினால்தான் அந்த வித்தை தெரியும். அதற்காகவே வாங்குபவர் 'வயர்லெஸ்' என்ற சொல்லை மறந்துவிடலாம்.

காஸ்மிக் பைட், ரெட்கியர், இவோஃபாக்ஸ், ஆன்ட் எஸ்போர்ட்ஸ் போன்ற இந்திய பிராண்டுகளின் மலிவான 2.4 கிகாஹெர்ட்ஸ் கன்ட்ரோலர்கள் முதல் கன்ட்ரோலராக வாங்க மோசமில்லை. மாடலுக்கு மாடல் தரம் மாறும். எக்ஸ்இன்புட் உண்டா, டிரிகர் அனலாக்கா, ஸ்டிக் எந்த வகை என்று மூன்றையும் அந்தந்த மாடலுக்குத் தனித்தனியாகப் பாருங்கள். பிராண்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

தவிர்க்க வேண்டியது: பாதி விலையில் விற்கும் 'ஒரிஜினல் போன்ற' டூயல்ஷாக் 4. போலிகளில் கைரோவும் டச்பேடும் சரியாக வேலை செய்யாது, மொழிபெயர்க்கும் மென்பொருளும் அடிக்கடி அதை ஏற்காது. அந்த விலைக்குச் சொந்தப் பெயரில் வரும் டாங்கிள் கன்ட்ரோலர் ஆயிரம் மடங்கு மேல்.

இணைக்கும் முறை

எக்ஸ்பாக்ஸ், ப்ளூடூத்தில்:
1. முதலில் யு.எஸ்.பி. கேபிளில் செருகுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரீஸ்' ஆப்பை இறக்கி, ஃபர்ம்வேர் (கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் முடித்துவிடுங்கள். ப்ளூடூத் அறுந்து போகும் புகார்களில் கணிசமானவை இதோடு தீரும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் பிசிக்குக் கன்ட்ரோலர் தெரியவே தெரியாது. டேட்டா கேபிள் வேண்டும்.
2. கேபிளைக் கழற்றி, எக்ஸ்பாக்ஸ் பட்டனை அழுத்தி ஆன் செய்யுங்கள்.
3. மேலே யு.எஸ்.பி. துளைக்கு அருகிலுள்ள, இணைப்பதற்கான சிறிய பட்டனை 3 நொடி அழுத்திப் பிடியுங்கள். லைட் வேகமாகச் சிமிட்டும்.
4. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட் டிவைஸ், ப்ளூடூத் என்று போனால் 'எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்று தெரியும். அதைத் தேர்ந்தெடுங்கள். லைட் சிமிட்டாமல் நின்று எரிந்தால் முடிந்தது.

டூயல்சென்ஸ்: அணைந்த நிலையில் கிரியேட் பட்டனையும் பி.எஸ். பட்டனையும் சேர்த்து, லைட் வேகமாகச் சிமிட்டும்வரை பிடியுங்கள். டூயல்ஷாக் 4-ல் கிரியேட்டுக்குப் பதில் ஷேர் பட்டன். பிறகு மேலே சொன்ன அதே செட்டிங்ஸ். அடுத்து ஸ்டீமில் செட்டிங்ஸ், கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்கான ஸ்டீம் இன்புட்டை ஆன் செய்யுங்கள். ஸ்டீமில் வாங்காத கேமையும் 'ஆட் எ நான்-ஸ்டீம் கேம்' வழியாகச் சேர்த்து அங்கிருந்தே திறந்தால் பெரும்பாலும் வேலை செய்யும். மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான கேம் பாஸ் கேம்களில் இந்த வழி எளிதில் ஒத்துவராது, அங்கே டி.எஸ்.4 விண்டோஸ்தான் கைகொடுக்கும். கன்ட்ரோலர் ஏற்கெனவே பி.எஸ்.5-ல் இணைந்திருந்தால் அதில் மீண்டும் இணைக்கும்போது கேபிள் ஒருமுறை தேவைப்படலாம். எதற்கும் மசியாவிட்டால் பின்பக்கச் சிறு துளையில் ஊசி முனையால் 5 நொடி அழுத்தி ரீசெட் செய்து, முதலிலிருந்து தொடங்குங்கள்.

டாங்கிள்: செருகி, ஹோம் பட்டனை அழுத்தினால் போதும். லைட்டுகள் ஓடிக்கொண்டே இருந்து நிற்கவில்லையென்றால் கன்ட்ரோலர் வேறு மோடில் இருக்கிறது. சுவிட்சைப் பாருங்கள்.

மேக்கில் எக்ஸ்பாக்ஸ் ஒன் ப்ளூடூத் கன்ட்ரோலருக்கும் டூயல்ஷாக் 4-க்கும் 10.15 பதிப்பிலிருந்து ஆதரவு உண்டு. டூயல்சென்ஸுக்கும் 1914-க்கும் 11.3 வேண்டும். லினக்ஸில் டூயல்சென்ஸுக்கான சோனியின் டிரைவர் 5.12 கெர்னலிலிருந்து உள்ளேயே வருகிறது. எக்ஸ்பாக்ஸ் அடாப்டருக்கு 'எக்ஸ்ஒன்' டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் சோதியுங்கள்

விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஜாய், புள்ளி, சி.பி.எல். என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கன்ட்ரோலர் பட்டியல் வரும். ப்ராப்பர்டீஸ் திறந்தால் சோதனைத் திரை.

ஸ்டிக்கை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளி, மெதுவாக விடாமல் சட்டென்று விடுங்கள். நான்கு பக்கமும் பத்துப் பத்து முறை. ஒவ்வொரு முறையும் குறி ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். நடுவிலிருந்து சற்று விலகி நிற்பது பரவாயில்லை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்பதுதான் கெட்ட அறிகுறி. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்இன்புட்டுக்குப் பரிந்துரைத்த டெட்சோனே (நடுவில் கேம் கண்டுகொள்ளாமல் விடும் பகுதி) 32767-ல் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689, கிட்டத்தட்ட கால்பங்கு. ஆகவே சிறு விலகல் பல கேம்களில் தெரியாது, டெட்சோனைக் குறைவாக வைத்திருக்கும் கேமில் மட்டும் தலைகாட்டும்.

டிரிகரைச் சோதிக்கும்போது ஒரு குழப்பம் வரும். இந்தத் திரையில் எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரின் இரண்டு டிரிகரும் ஒரே அச்சில் எதிரெதிராகக் காட்டப்படும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் குறி நடுவுக்கு வந்துவிடும். கன்ட்ரோலர் கெட்டுப்போகவில்லை, பழைய டைரக்ட்இன்புட் பார்வை அப்படி. ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், மதிப்பு தாவாமல் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

டிபேடில் மேல் பக்கத்தை அழுத்திப் பிடித்து விரலை லேசாக இடமும் வலமும் உருட்டுங்கள். சட்டென்று மூலைத் திசை பதிந்தால் சண்டை கேமுக்கு அது ஆகாது. கடைசியாக, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, வைஃபையில் ஏதாவது பெரிய ஃபைலை இறக்கிக்கொண்டே அரை மணி நேரம் விளையாடுங்கள். ரேடியோவின் உண்மையான குணம் அப்போதுதான் வெளியே வரும்.

வழக்கமாக வரும் கோளாறுகள்

விட்டு விட்டு வேலை செய்கிறது, பட்டன் தாமதமாகப் பதிகிறது என்றால் முதல் சந்தேகம் யு.எஸ்.பி. 3.0. அந்தத் துளையும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்புகின்றன. இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. டாங்கிளை ஒரு மீட்டர் யு.எஸ்.பி. 2.0 நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மேசை மேல் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். இரும்பு கேபினட்டின் பின்னால், சுவரோரமாக டாங்கிளைச் செருகிவிட்டு சிக்னல் இல்லை என்று வருந்துபவர்கள்தான் அதிகம். ப்ளூடூத் என்றால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. ப்ளூடூத் ஹெட்போனும் கூடவே ஓடினால் நெரிசல் இன்னும் கூடும். ஹெட்போனை வயருக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒரு முறை அழுத்தினால் மெனுவில் இரண்டு படி தாவுகிறதா? ஒரே கன்ட்ரோலரைக் கேம் இரண்டாகப் பார்க்கிறது. ஸ்டீம் இன்புட்டும் டி.எஸ்.4 விண்டோஸும் ஒரே நேரத்தில் ஓடினால் இது நடக்கும். ஒன்றை நிறுத்துங்கள். டி.எஸ்.4 விண்டோஸ் மட்டும் ஓடியும் இப்படியானால், உண்மையான கன்ட்ரோலரைக் கேமின் கண்ணிலிருந்து மறைக்கும் ஹிட்ஹைட் என்ற கருவியைச் சேர்க்க வேண்டும்.

ஏ-யும் பி-யும் இடம் மாறியிருந்தால் அது நின்டெண்டோ அமைப்பு. கன்ட்ரோலர் ஸ்விட்ச் மோடில் இருக்கிறதா பாருங்கள். ஸ்விட்ச் ப்ரோவாகவே இருந்தால் ஸ்டீம் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் நின்டெண்டோ பட்டன் அமைப்புக்கான தேர்வு இருக்கிறது.

சிறிது நேரம் கையை எடுத்தால் கன்ட்ரோலர் அணைந்துவிடுவது கோளாறல்ல. எக்ஸ்பாக்ஸ் 15 நிமிடம் சும்மா இருந்தால் தானாக ஆஃப் ஆகும். ஆனால் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால் விண்டோஸின் மின்சேமிப்பைப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் 'மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்' என்ற பொருளில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். டாங்கிளுக்கு, பவர் ஆப்ஷன்ஸில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்டை முடக்குங்கள்.

சோதனைத் திரையில் எல்லாம் சரி, கேமில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால்: கன்ட்ரோலரை ஆன் செய்த பிறகு கேமைத் திறந்து பாருங்கள், பழைய கேம்கள் திறக்கும்போது ஒரே ஒரு முறைதான் தேடும். அதற்கும் அசையாவிட்டால் பிசியில் செருகியுள்ள ஸ்டியரிங் வீல், பழைய ஜாய்ஸ்டிக், இன்னொரு டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கேம் அதைத்தான் முதல் ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டு, யாரோ அழுத்துவார்கள் என்று காத்திருக்கும்.